பருப்பும் கடமையும்

கடமையைச் செய்வதற்குக் கைம்மாறு கொடுக்கலாமா? குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது பெற்றோரின் கடமை. அதற்கென ஒரு கிலோ பருப்பு கொடுப்பது கடமையை விலைபேசுவது ஆகாதா எனக் கேட்போர் உளர். இக்கேள்வியை வெறும் கருத்தளவில் நிறுத்தாமல், உண்மையில் நடந்த ஒரு முயற்சியின் ஒளியில் எண்ணிப் பார்ப்போம்.

இராஜஸ்தான் மாநிலத்து உதயப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் அரசின் தடுப்பூசி இலவசமாகவே கிடைத்துவந்தது. ஆனால், தாய் குழந்தையைச் சுமந்து சுகாதார நிலையத்துக்கு நடந்து சென்றால், வேலை நேரத்திலேயே செவிலியர் இன்றிக் கதவு பூட்டிக் கிடப்பது அடிக்கடி நேர்ந்தது. 2004 முதல் 2007 வரை, சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனத்துடன் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்கள் இணைந்து, 134 சிற்றூர்களில் ஓர் ஆய்வு மேற்கொண்டனர். 30 ஊர்களில் மாதந்தோறும் குறித்த நாளில் செவிலியர் குழு வந்து முகாம் நடத்தியது; உள்ளூர்ப் பணியாளர் குழந்தைகளை இனங்கண்டு தாய்மாருக்கு எடுத்துரைத்தார். வேறு 30 ஊர்களில் அதே முகாமோடு, ஒவ்வொரு முறை ஊசி போடும்போதும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசிகளும் நிறைவுற்றதும் உலோகத் தட்டுகளும் வழங்கப்பட்டன.

முடிவில், முகாம் நடைபெறாத ஊர்களில் 1 முதல் 3 வயதுக் குழந்தைகளுள் முழுத் தடுப்பூசி பெற்றோர் 6 விழுக்காட்டினர். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18 விழுக்காட்டினர். பருப்பும் தந்த ஊர்களில் 39 விழுக்காட்டினர்.

6 என்பது 18 ஆனது பருப்பினால் அன்று. சொன்ன நாளில் சொன்னவர் வந்ததனால். எனவே, தாயின் கடமையைப் பேசுமுன் அவளுக்குச் சமூகம் பட்டிருக்கும் கடனைப் பேசுவதே நேர்மை. பூட்டிய கதவின்முன் நின்று திரும்பியவளை அறியாதவள் எனச் சாடுவது பழியை இடம் மாற்றுவதாகும்.

அவ்வாறாயின் பருப்பு கையூட்டா? கடமையிலிருந்து ஒருவரை வழுவச் செய்யக் கொடுப்பதே கையூட்டு. இத்தாய்மாரோ தடுப்பூசியை வெறுத்தவர் அல்லர். பருப்பு தராத முகாம் ஊர்களிலும் பெரும்பாலான குழந்தைகள் முதல் ஊசியையேனும் பெற்றிருந்தனர். ஐந்து முறை வரவேண்டிய நிலையில் பலர் இடையில் தளர்ந்தனர். இன்று இழக்கும் கூலி கண்ணுக்குத் தெரிகின்றது. வராமற்போகும் நோய் தெரிவதில்லை. அப்பருப்பின் மதிப்போ ஏறத்தாழ முக்கால் நாள் கூலி. மேலும், ஒரு குழந்தைக்குப் போடப்படும் தட்டம்மை ஊசி அண்டை வீட்டுக் குழந்தையையும் காக்கின்றது. ஊரார் பிள்ளைக்கும் சேர்த்து ஒருத்தி ஏற்கும் சிரமத்தில் ஊர் பங்குகொள்வதை விலை என்பது பொருந்தாது, அது நீதி.

ஆயினும், பருப்பே போதுமென அமைதல் ஆகாது. அது வழங்கப்பட்ட ஊர்களிலும் 61 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு முழுப் பாதுகாப்புக் கிட்டவில்லை. தவிரவும், கொடுப்பவர் நிமிர்ந்தும் பெறுபவர் குனிந்தும் நிற்குமாறு வழங்கப்படின் நீதியும் அவமதிப்பாகிவிடும். ஏழைகளுக்குக் கடமையைக் கற்பிக்க நாம் புறப்படுமுன், அவர்களுக்கு நாம் கொடுத்த சொல்லை, குறித்த நாளில், குறித்த இடத்தில் காத்தோமா என நம்மையே கேட்டுக்கொள்வோம்.