ஆவலுக்கு யார் பணம் கட்டுவது?

1967 பிப்ரவரி 28ஆம் தேதி, காலிஃபோர்னியாவின் கவர்னராகப் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத ரொனால்ட் ரீகன் பத்திரிகையாளர்களிடம் ஒரு விஷயம் சொன்னார். அறிவு சார்ந்த சில ஆடம்பரங்கள் இல்லாமலும் மாநிலம் காலம் தள்ளலாம். வெறும் அறியும் ஆவலுக்கு வரி கட்டுபவர் மானியம் தர வேண்டியதில்லை என்பது அதன் சாரம். நம்மில் பலருக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். சினிமா நடிகர், வேறெப்படிப் பேசுவார் என்று முடித்துவிடலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசாங்கப் பணத்தில் நடந்த ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பகல் முழுவதும் பாங்கில் வவுச்சர்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவன் நான். படித்ததில் ஒரு வரிகூட கவுண்ட்டரில் பயன்பட்டதில்லை. அவர் குறிப்பிட்ட ஆள் நான்தான்.

முதலில் சம்பவங்கள். 1960இல் அம்மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டத்தை ஏற்றது. பள்ளி முடிப்பவர்களில் முன்நிற்கும் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்திற்கும், மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியுடையவர்கள். மற்றவர்களுக்கு ஜூனியர் காலேஜ் திறந்திருக்கும். போதனைக்குக் கட்டணம் இல்லை என்ற பழைய கொள்கையும் மறுபடி உறுதி செய்யப்பட்டது. 1964இல் பெர்க்லியில் மாணவர்கள் பேச்சுச் சுதந்திரம் கேட்டுக் கிளர்ந்தெழுந்தார்கள். டிசம்பரில் ஒரே கட்டிடத்தில் ஏறத்தாழ 800 பேர் கைதானார்கள். 1966 தேர்தலில் பெர்க்லியை ஒழுங்குபடுத்துவேன் என்பதை ஒரு முக்கியக் கோஷமாக வைத்துக்கொண்டு, கவர்னராக இருந்த பாட் பிரவுனை ரீகன் ஏறக்குறைய பத்து லட்சம் வாக்குகளில் தோற்கடித்தார். 1967 ஜனவரி 20இல் ரீஜென்ட்கள் குழு, பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர்ரைப் பதவியிலிருந்து நீக்கியது.

ஒழுங்கு, சிக்கனம், கட்டணம்: ரீகனின் முன்னுரிமைகள் இவை. ஒழுங்கை இங்கே விட்டுவிடுகிறேன். மற்ற இரண்டுக்கும் அடியில் ஒரு தார்மீகக் கேள்வி இருக்கிறது. கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருவன், இன்னொருவனின் ஆவலுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? 1969இல் ஹேன்சன், வைஸ்ப்ராட் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் இதே மாநிலத்தின் கணக்கை எடுத்துப் பார்த்து, மலிவான உயர்கல்வியின் பலன் வசதியுள்ள குடும்பங்களுக்கே அதிகம் போகிறது என்று வாதித்தார்கள். கணக்குப் போட்ட முறை சரியில்லை என்று ஜோசப் பெக்மன் மறுத்தார். சச்சரவு எப்படியும் போகட்டும். டெலனோவின் திராட்சைத் தோட்டத்தில் குனிந்து நிற்பவன் கடையில் கட்டிய விற்பனை வரியில், ஒரு வக்கீலின் மகன் தத்துவம் படித்திருப்பான். தோட்டத்தில் நிற்பவனுக்கு நம் பதில் என்ன?

படிப்பு நாட்டுக்கு லாபம் என்பது வழக்கமான பதில். கெர்ரே 1963இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் கிட்டத்தட்ட இதைச் சொல்லியிருந்தார். போன நூற்றாண்டில் ரயில்பாதை செய்ததை இனி அறிவுத் தொழில் செய்யும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கேள்வி கேட்டவனிடம் சரணடைந்துவிடும் பதில் இது. லாபம்தான் அளவுகோல் என்று ஒப்புக்கொண்ட பிறகு, லாபம் காட்டாத துறையை மூடு என்பவனிடம் என்ன பேசுவது? ரீகனுக்கும் கெர்ருக்கும் கூட்டலில் வித்தியாசம் இருந்தது, பேரேடு ஒன்றேதான். மாணவர் தலைவர் மாரியோ சாவியோவுக்கு இது புரிந்திருந்தது. பல்கலைக்கழகம் கம்பெனி என்றால் கெர் அதன் மானேஜர், நாங்கள் கச்சாப் பொருள் என்ற பொருளில்தான் கைதுகளுக்கு முன் அவர் பேசினார்.

தோட்டத்தில் நிற்பவனுக்கான பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின, மெக்ஸிக, ஆசிய வம்சாவளி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் மறு மார்ச் வரை நீடித்தது. ஜனவரியில் பெர்க்லியிலும் தொடங்கியது. இவர்கள் ஆவலுக்குச் செலவழிப்பதை நிறுத்து என்று கேட்கவில்லை. எங்கள் ஜனங்களையும் சேர்த்துக்கொள், எங்கள் சரித்திரத்தையும் இலக்கியத்தையும் கற்பி என்றார்கள். கவர்னரின் கணக்கில் அவையும் ஆடம்பரங்களாகவே இருந்திருக்கும். விலக்கி வைக்கப்பட்டவன் அநியாயத்தை எங்கே கண்டான் என்பது இதில் தெரிகிறது. ஆவல் சிலருக்கே உரியது என்ற ஏற்பாட்டில்தான் கண்டான்.

ரீகனின் சொந்தக் கதையும் ஸ்வாரஸ்யமானது. 1928இல் இல்லினாய் மாநிலத்தின் யுரேகா கல்லூரியில் அவர் முதல் வருஷ மாணவர். பணமுடையால் பாடங்களைக் குறைக்க முற்பட்ட கல்லூரித் தலைவரை எதிர்த்து மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு ஆதரவாகப் பேசியவர்களில் ரீகன் ஒருவர். தலைவர் ராஜினாமா செய்தார். கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. மீதிக்குப் பாத்திரம் கழுவினார். 1932இல் பட்டம் வாங்கியது பொருளாதாரத்திலும் சமூகவியலிலும். பின்னால் சோறு போட்டதோ, அங்கே ஆசைக்காக நடித்துப் பழகிய நாடகம். இரட்டை வேஷம் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. கழுவிய பாத்திரங்கள் ஒருவனுக்கு நினைவில் நிற்கும்; பிறர் கொடுத்தது நழுவிவிடும். எனக்கும் அப்படித்தான்.

ரீகனின் எட்டு வருஷங்களில் பல்கலைக்கழகத்திற்கான மாநிலப் பணம் மொத்தத்தில் கூடவே செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாறியது, பேசும் பாஷை. 1970இல் வருஷத்துக்கு 150 டாலர் என்று கல்விக் கட்டணம் வந்தது. இன்று அது 14,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. மாநிலத்து மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உதவித்தொகையால் இதைக் கட்டுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் கட்டணமில்லாத காலத்தில் யாரும் தன் ஏழ்மையை நிரூபித்துவிட்டு வகுப்புக்குள் நுழைய வேண்டியிருக்கவில்லை.

படிப்புக்குக் கடன் கேட்டு வரும் பையன்கள் என் மேஜைக்கும் வருகிறார்கள். அவர்கள் படிப்பால் என்ன சம்பளம் வரும், எப்போது தவணை தொடங்கும் என்பதுதான் என் பக்கத்துக் கேள்வி. பாங்க் வேறெப்படியும் கேட்க முடியாது. பதில் சொல்லும் பையனின் முகத்தில் ஏற்கெனவே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். கடன்பட்டவன் வழிதவறிப் போக முடியாது. ஆவல் என்பதோ பெரும்பாலும் வழிதவறுவதுதான்.

ஆகவே, ஆம், பிறர் பணத்தில்தான் படித்தேன். திருப்பித் தருவேன் என்று சொல்லி அதை நியாயப்படுத்த மாட்டேன். சொத்தோடு பிறந்தவனிடம் அவன் ஆவலுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. சொத்தில்லாதவனுக்கு அந்தச் சலுகை கிடைக்கப் பொதுப்பணத்தை விட்டால் வேறு பணம் இல்லை. இதற்கு மேல் எனக்கு வாதம் தெரியவில்லை.

மிஞ்சுவது ஒரு சங்கடம். வாங்கிக்கொண்ட நாம் என்ன செய்தோம்? சில நூறு பிரதிகள் அச்சடித்து நமக்குள் மாற்றிக்கொள்கிறோம். பணம் கட்டியவனுக்குப் புரியாது என்பதில் நமக்குள் ஒரு ரகசியப் பெருமை வேறு. வேட்பாளர் ஒருவர் இதை ஆடம்பரம் என்றால் கோபம் வருகிறது. ஆடம்பரப் பொருளைப்போல பீரோவில் பூட்டி வைத்திருப்பதும் நாம்தான்.