வேண்டாத வண்டி

பிள்ளைக்கு ஆசை அதிகமாகிவிட்டது என்று வருந்துகிற தகப்பன்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கதைகளிலும் எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு ஆசையே இல்லையே என்று வருந்துகிற ஒரு தகப்பனைச் சில மாதங்களுக்கு முன்புதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் என் தாய்மாமா.

மாமாவுக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். கரும்பு வெட்டும் காலத்தில் அந்த ஊருக்குள் நுழைந்தால் சர்க்கரை ஆலையின் பாகு வாசனைதான் முதலில் வரவேற்கும். ஆனால் மாமா வேலை பார்த்தது ஆலையில் அல்ல, நெய்வேலியில். 1957-ஆம் வருஷம் மே மாதம் நேரு வந்து தொடங்கி வைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் 1983-ல் சேர்ந்தார். பகலெல்லாம் ஒரு மாடிக் கட்டடத்தைவிடப் பெரிய யந்திரத்தோடு மாரடித்துவிட்டு, மாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு திரும்புவார்.

அதே வருஷம் டிசம்பரில் முதல் மாருதிக் காரின் சாவியை இந்திரா காந்தி ஒருவர் கையில் கொடுத்தார். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தைக் கத்தரித்து மாமா தம் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பெட்டிக்குள் இருந்த கார் வாசலுக்கு வந்து சேரப் பதினாறு வருஷம் ஆயிற்று. 1999-ல் ஒரு பழைய மாருதியைக் கடன் வாங்கி வாங்கினார். வட்டம் வட்டமாகப் பிரித்து, இருபுறமும் மரம் வைத்து, நேர்கோடு பிடித்தாற்போல் சாலை போட்ட நெய்வேலி நகரம், கார் பழகுகிறவர்களுக்கென்றே கட்டியது போல் இருக்கும். அங்கேதான் பழகினார். முதல் நாள் அத்தையை முன் ஸீட்டில் உட்கார வைத்து நெல்லிக்குப்பத்துக்கு ஓட்டி வந்ததை இன்றைக்கும் ஒரு கல்யாணத்தைப் போல வர்ணிப்பார்.

ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட மாமா, இரண்டு வருஷத்துக்கு முன் கையிருப்பைப் போட்டு ஒரு புதுக் கார் வாங்கினார். தமக்காக அல்ல, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகனுக்காக. மகனுக்கு இருபத்தாறு வயது. அவன் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது அப்பா. ஆனால் எனக்கு வேண்டாம்" என்றானாம். அன்றிலிருந்து கார் வேப்ப மரத்தடியில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

நான் போயிருந்தபோது அவனும் லீவில் வந்திருந்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பேச்சு ஆரம்பமாயிற்று.

"எனக்கு எதற்கு அத்தான் கார்? ஆபீசுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. மற்ற இடத்துக்குச் செல்போனைத் தட்டினால் வாசலுக்கு வண்டி வருகிறது. இதைச் சென்னைக்குக் கொண்டு போனால் நிறுத்த இடம் தேட வேண்டும், இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும், கீறல் விழுந்தால் தூக்கம் போய்விடும். காரை நான் ஓட்டவா, கார் என்னை ஓட்டவா? போதாததற்கு ஊரெல்லாம் புகை. அதில் என் பங்கும் எதற்கு?"

மாமா குறுக்கிட்டார். "நீ ஏறுகிற ரயில் எதில் ஓடுகிறதாம்? மின்சாரத்தில். அதிலே நான் தோண்டின கரியும் கொஞ்சம் எரிகிறதடா. புகை உன் மூக்குக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்."

நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை, போன ஐப்பசியில் ஒரு நாள் நடுராத்திரி உன் அத்தைக்கு மூச்சுத் திணறல். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு ராத்திரியில் எதிரே வருகிற விளக்கு கூசுகிறது. எதிர்வீட்டுப் பையனை எழுப்பி, அவன்தான் இந்தக் காரைக் கடலூர் வரைக்கும் ஓட்டினான். கார் என்னுடையது, ஓட்டினது ஊரான் பிள்ளை" என்றார்.

"அன்றைக்கு நான் சென்னையில் அல்லவா இருந்தேன், அப்பா?"

"அன்றைக்கு இல்லை. இன்றைக்கு இருக்கிறாயே. இன்றைக்கு ராத்திரி வந்தால்?"

பையன் பேசவில்லை. அத்தை, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போய்ப் படுங்கள்" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இது ஒரு வீட்டுச் சண்டை மட்டும் அல்ல என்பது நினைவுக்கு வந்தது. 2019 செப்டம்பரில் நம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் பத்திரிகையாளரிடம் பேசும்போது, மோட்டார் தொழில் மந்தமானதற்குக் காரணங்கள் சொல்லி வந்தார். மாதத் தவணை கட்டிக் கார் வாங்குவதைவிட ஓலா, ஊபர், மெட்ரோ இவற்றில் போவதையே இளைஞர்கள் விரும்புகிறார்கள் என்பதும் அவற்றில் ஒன்று. நாடு முழுவதும் கேலி கிளம்பிற்று. அது பெரிய காரணம் அல்ல என்று மாருதிக் கம்பெனியின் அதிகாரி ஒருவரே மறுத்தார். கணக்கில் யார் சரியோ, திண்ணையில் கேட்ட பேச்சு அமைச்சர் சொன்ன பேச்சுத்தான். ஜப்பானியர் இதற்குக் 'கூருமா பனாரே' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'காரைவிட்டு விலகுதல்' என்று அர்த்தம். காருக்குத் தாய்வீடு போன்ற அமெரிக்காவில் 1983-ல் பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் லைசென்ஸ் வைத்திருந்தார்கள். 2014-ல் அது இருபத்தைந்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? பற்றுவிட்ட ஒரு தலைமுறை பிறந்துவிட்டதென்று சந்தோஷப்படலாமா?

நம் நாட்டில் நூறு குடும்பங்களை எடுத்தால் கார் உள்ளவை எட்டுக்கு மேல் தேறாது. மற்றத் தொண்ணூற்றிரண்டு வீடுகளிலும் 'எனக்குக் கார் வேண்டாம்' என்று ஒருவன் சொன்னால் அதற்குப் பெயர் துறவு அல்ல. கையில் இருப்பதைத்தானே விட முடியும்? தேரை முல்லைக் கொடிக்குக் கொடுத்த பாரியைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. (சர்க்கரை ஆலைக்காரப் பாரி வேறு, அவர் வெள்ளைக்காரர்.) பறம்பு மலைப் பாரிக்குத் தேர் இருந்தது, அதன் அருமை தெரியும், கொடி தவிப்பதைக் கண்டான், விட்டுவிட்டு நடந்தான். எனக்குத் தேரே பிடிக்காது என்று சொல்லித் தேரை விட்டிருந்தால் அந்தக் கதையை யார் சொல்வார்கள்?

வள்ளுவர் 'துறவு' என்று ஓர் அதிகாரம் வைத்தார். 'அவா அறுத்தல்' என்று இன்னொன்று வைத்தார். இரண்டையும் ஒட்டி வைக்கவில்லை. நடுவில் 'மெய்யுணர்தல்' என்று ஒன்றை வைத்தார். பொருளை விடுவது ஒன்று. ஆசை அறுவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே உண்மையைக் கண்ணால் பார்ப்பது ஒன்று வேண்டியிருக்கிறது என்று நான் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன். பார்க்காமல் வருகிற வேண்டாமை வெறும் சலிப்பாக இருக்கலாம், சௌகரியமாகவும் இருக்கலாம்.

நான் பார்க்கத் தவறியது என்ன என்பது மறுநாள் விடியற்காலையில் எழும்பூரில் தெரிந்தது. ரயிலை விட்டு இறங்கி, மைத்துனன் சொல்லிக் கொடுத்தபடியே செல்போனைத் தட்டினேன். வண்டி வந்தது. ஓட்டியவனுக்கும் இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் என்றான். எனக்கு உறவு முளைத்துவிட்டது.

"சொந்த வண்டியா, தம்பி?"

"பேர்தான் சொந்தம், சார். இன்னும் மூணு வருஷத் தவணை இருக்கு. அது முடியறப்போ வண்டியும் முடிஞ்சிடும்."

"கார் என்றால் ரொம்ப ஆசையோ?"

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஆசையா? ராத்திரி இதுக்குள்ளேதான் சார் தூங்கறேன். ஆசை இருந்தா இதுக்குள்ளே தூங்க முடியுமா?"

வீடு வரும் வரையில் நான் அப்புறம் வாய் திறக்கவில்லை.

மைத்துனன் வேண்டாம் என்று தள்ளினவை என்னென்ன? கடன், தவணை, நிறுத்த இடம் தேடுவது, கீறல் விழுந்தால் போகும் தூக்கம். அத்தனையும் காற்றில் கரைந்துவிட்டன என்று திண்ணையில் உட்கார்ந்து நினைத்தேன். கரையவில்லை. ஒன்றுகூடக் குறையாமல் இந்தப் பையனின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சுமை இறங்கவில்லை, தோள் மாறியிருக்கிறது. மாமா கரியைப் பற்றிச் சொன்னதை வேடிக்கை என்று சிரித்தேனே, அதுவும் இதுதான். நம் மூக்குக்கு எட்டாத புகை, இன்னொருவன் மூக்குக்கு எட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்றிரவே மைத்துனனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "அதற்காக நான் கார் வாங்கிவிட்டால் அவனுடைய தவணையை யார் கட்டுவார்கள், அத்தான்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. ஊரில் ஒவ்வொருவரும் ஒரு கார் வாங்கி நிறுத்துவதுதான் தர்மம் என்று நான் எப்படிச் சொல்வேன்? நம் நாட்டுச் சாலைகளில் 2022-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் செத்தவர்கள் 1,68,491 பேர். காரில் மோகம் குறைவது நல்லதே. பஸ்ஸில் போகிறவனும் ரயிலில் போகிறவனும் உலகத்துக்கு உபகாரம் செய்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒரு பொருளை வைத்திருப்பது வேறு. ஒரு வித்தையை அறிந்திருப்பது வேறு. நீந்தக் கற்றவன் குளத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 'எனக்குக் கார் வேண்டாம்' என்பது ஒருவனுடைய சொந்த விருப்பம். 'எனக்கு ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன்' என்பது, நடுராத்திரியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் வேலையை வயதான தகப்பனுக்கு விட்டுவைப்பது. முன்னது வேண்டாமையாக இருக்கலாம். பின்னது பிறர் உழைப்பின்மேல் சாய்ந்துகொள்ளும் சுகம். இரண்டும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் சங்கடம். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவனுடைய வண்டியில் ஏறுவதிலும் தப்பில்லை. அந்த ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்தவன், பின் ஸீட்டில் சாய்ந்துகொண்டு 'இன்னும் வேகமாகப் போ' என்று சொல்லக் கொஞ்சம் தயங்குவான். அந்தத் தயக்கம்தான் நான் கேட்பது.

இதையெல்லாம் இவ்வளவு கோவையாகப் போனில் சொல்லவில்லை. "வாங்காதே, கற்றுக்கொள்" என்று மட்டும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். மேலே வற்புறுத்தவில்லை.

போன வாரம் மாமா கூப்பிட்டார். பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக ஊருக்கு வருகிறானாம். உறையைக் கழற்றி, 'எல்' போர்டு மாட்டி, மாமாவே நெய்வேலிக்கு ஓட்டிக்கொண்டு போய், தாம் பழகின அதே சாலைகளில் அவனுக்குப் பழக்குகிறாராம்.

"நாலு தடவை இஞ்சினை அணைத்துவிட்டான், மாப்பிள்ளை! அவ்வளவு பெரிய சாலையில் எதிரே ஒரு மாடு வந்ததற்கு அப்படி நடுங்குகிறான்!"

குற்றம் சொல்கிற குரலாக இல்லை. பெருமையடித்துக்கொள்கிற குரலாக இருந்தது. 'காரை எடுத்துக்கொள்கிறானா?' என்று கேட்டேன்.

"அது இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறான். போகிறது, கார் என் பெயரிலேயே இருக்கட்டும்" என்றார் மாமா.