சத்திரத்தானுக்குப் பணம் கொடுப்பது யார்?

இந்த மாதம் பிரசங்கமாக இல்லாமல், ஒரு கேள்வியை உங்கள் முன்பாக வைத்து, உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

கேள்வி என்னுடையதல்ல. எங்கள் சபையில் தறி ஓட்டுகிற ஒரு வாலிபத் தம்பி வேதபாட வகுப்பில் கேட்டது. "தர்ம ஆஸ்பத்திரின்னு பேரு வச்சிக்கிட்டு ஏழைங்ககிட்ட சீட்டுக்கு இருபது ரூபா, மாத்திரைக்கு முப்பது ரூபான்னு வாங்குறது நியாயமா பாஸ்டர்? சும்மா கிடைச்சத சும்மா குடுன்னுதானே ஆண்டவர் சொன்னாரு?"

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவா என்ற பழைய தர்க்கத்துக்குள் நான் போகவில்லை. சுவிசேஷத்தை எழுதின லூக்காவே வைத்தியர்தான் என்று மட்டும் சொல்லித் தாண்டிப் போகிறேன். தம்பி கேட்டது அதைவிடக் கடினமான கேள்வி.

அவர் சொன்ன வசனம் மத்தேயு 10-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் சீஷர்கள் எதை இலவசமாய்ப் பெற்றிருந்தார்கள்? குணமாக்கும் வல்லமையை. அதற்கு விலை போட ஒருவனுக்கும் அதிகாரமில்லை. நாகமானிடத்தில் எலிசா ஒன்றும் வாங்கவில்லை. பின்னாலே ஓடிப்போய் வாங்கின கேயாசிக்கு என்ன ஆனது என்று சண்டே ஸ்கூல் பிள்ளை கூடச் சொல்லும். இன்சுலின் அப்படிப்பட்டதல்ல. அதை யாரோ தயாரிக்கிறார்கள், யாரோ ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள், கிளினிக் அதைக் காசு கொடுத்து வாங்கி, கரண்டு பில் கட்டி, ஃபிரிட்ஜில் வைத்துக் காக்கிறது. அதே 10-ம் அதிகாரத்தில், இரண்டு வசனம் தள்ளி, வேலை செய்கிறவனுக்கு அவன் ஆகாரம் கிடைக்க வேண்டும் என்றும் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அந்த நர்ஸ் பெண்ணுக்கும் வீட்டில் அடுப்பு எரியணும் இல்லையா?

நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம், லேவியனைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம். சத்திரத்தானைப் பற்றிப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் தன் கையிலிருந்து போட்டான். தன் மிருகத்தின் மேல் ஏற்றினான். ஆனால் சத்திரத்துக்கு வந்த பிறகு காசு கைமாறுகிறது. இரண்டு பணம், அதாவது அந்தக் காலத்துக் கூலிக்காரனுக்கு இரண்டு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கையும் மூடாமல் வைத்துவிட்டுப் போகிறான். காசு வாங்கினதற்காகச் சத்திரத்தானை ஆண்டவர் ஒரு வார்த்தை கூடக் கண்டிக்கவில்லை. நாளைக்கு வேறொருவன் அடிபட்டு வரும்போதும் அந்தச் சத்திரம் திறந்திருக்க வேண்டுமே!

ஆகவே இலவசம் என்று நாம் சொல்லுகிற ஒவ்வொரு ஊசிக்கும் பின்னாலே யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். அந்த யாரோ யார்? அடிபட்டவனா, வழிப்போக்கனா, ஊரா, அரசாங்கமா? இதற்கு நம்முடைய பக்கத்திலேயே பல விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள்.

முதலில் எங்கள் வேலூர். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் திண்டிவனத்து இரவு உங்களுக்குத் தெரிந்த கதை, திரும்பச் சொல்லவில்லை. 1902-ல் அவர்கள் திறந்த 40 படுக்கை ஆஸ்பத்திரி, ஷெல் என்கிற நியூயார்க் வங்கிக்காரர் காலஞ்சென்ற தம் மனைவியின் பேரில் கொடுத்த 10,000 டாலரில் எழும்பியது. பிறகு அம்மையார் வண்டியிலும், அப்புறம் ஒரு சின்ன மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் காத்திருந்த ஜனங்களுக்கு மருந்து கொடுத்தார்கள். கட்டிடத்துக்குக் கொடுக்க எந்தக் காலத்திலும் ஆள் கிடைக்கும், கல்வெட்டில் பேர் வரும். தினந்தோறும் தீர்ந்துபோகிற பஞ்சுக்குக் கல்வெட்டு கிடையாது.

அந்தச் சி.எம்.சி. வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரியானது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அப்படியானால் வேலூர் டவுனில் குடிசையில் இருக்கிறவன் எங்கே போவான்? அதற்காக 1982-ல் குறைந்த செலவு மருத்துவப் பிரிவு என்று தனியாக ஆரம்பித்தார்கள். இங்கே தள்ளுபடியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. எல்லாவற்றையும் பார்க்கத் தெரிந்த ஒரு குடும்ப டாக்டர் முதலில் பார்த்து, தேவையான டெஸ்டை மட்டும் எழுதினால் செலவு தானே இறங்கிவிடுகிறது. வேண்டாத ஸ்கேனைப் பாதி விலைக்குக் கொடுப்பது தர்மமாகுமா?

அடுத்தது மதுரை. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி, ரிட்டயரான பிறகு தன் 58-ம் வயதில், முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 11 படுக்கை வைத்துக் கண் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே பணம் கட்டுகிற வாசலுக்குப் போவதா, கட்டாத வாசலுக்குப் போவதா என்று நோயாளியே தீர்மானிக்கிறார். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ஒருவர் ஏசி ரூமில் படுப்பார், ஒருவர் பாயில் படுப்பார், ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் ஒன்றுதான். கட்டினவர்களின் பணத்தில் கட்டாதவர்களின் கண் திறக்கிறது. 1992-ல் லென்ஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்து, வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். "அவர் நம்ம ஆள் இல்லையே பாஸ்டர், அரவிந்தரைப் பின்பற்றினவராச்சே" என்று ஒரு மூப்பர் என்னைக் கேட்டார். உண்மைதான். சமாரியனும் நம்ம ஆள் இல்லை.

மூன்றாவது கூடலூர். நீலகிரியில் பணியர், பெட்ட குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசி ஜனங்களுக்காக 1990-ல் ஒரு சிறு ஆஸ்பத்திரி எழும்பியது. அவர்களுடைய பெண்பிள்ளைகளையே நர்ஸாகப் பயிற்றுவித்தார்கள். 1992-ல் இன்சூரன்ஸ் கொண்டுவந்தார்கள்; சங்கத்தில் சேர்ந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் படுக்கை வைத்தியம் கிடைக்கும். அந்தத் தொகையில் ஆஸ்பத்திரி ஓடாது, வெளியிலிருந்தும் உதவி வரவேண்டும். ஆனாலும் பிரீமியம் கட்டின பணியப் பெண் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது, அது தன் சங்கத்து ஆஸ்பத்திரி என்று நுழைகிறாள். டாக்டர் ஏன் தாமதம் என்று கேட்கவும் அவளுக்கு வாயுண்டு. சும்மா வாங்குகிறவனுக்கு அந்த வாய் அடைத்துப்போகிறது.

இதுவரைக்கும் எழுதினதைப் பார்த்தால் சிறு கட்டணம் நல்லது என்றே நான் தீர்ப்புச் சொல்வேன் போலத் தோன்றும். நம்மில் பலர் சொல்லுகிறபடி, "சும்மா கொடுத்தா மதிப்பு தெரியாது". ஆனால் இந்த வார்த்தையை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். கென்யா தேசத்தில் கர்ப்பவதிகளுக்குச் சில கிளினிக்குகளில் கொசுவலையைச் சும்மாவும், சில கிளினிக்குகளில் சிறு விலைக்கும் கொடுத்து ஆராய்ந்தார்கள். 2010-ல் முடிவு வெளியானது. அரை டாலரும் சொச்சமும் விலை வைத்த இடத்தில் வாங்குகிறவர்கள் 60 சதவிகிதப் புள்ளி குறைந்துபோனார்கள். சும்மா வாங்கினவர்களோ, காசு கொடுத்தவர்களுக்குச் சமமாகவே வலையைக் கட்டிப் படுத்தார்கள். மதிப்பு தெரியாது என்று நாம் சொன்னது அங்கே பொய்யாய்ப் போயிற்று. எனவே ஜுரத்தோடு வருகிற பிள்ளை, கர்ப்பவதி, காசநோயாளி, இவர்களிடத்தில் வாசலில் ஒரு ரூபாயும் கேட்கக்கூடாது என்பது என் துணிபு.

அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன். 2012 முதல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எத்தனையோ ஏழைகளுக்குப் பெரிய ஆபரேஷன் நடந்திருக்கிறது. 2021-ல் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டமும் ஆரம்பித்தார்கள். ஆனாலும் பீடி சுற்றுகிறவளுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. கியூவில் நிற்கிற நேரத்துக்கு எண்ணிக்கை ஏறாது.

பீடி என்று சொன்னதும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசுவாசி, விதவை, சுகர்காரர். காலில் புண் வந்து ஒன்றரை மாதம் சேலைத் தலைப்பால் மூடி மறைத்தே சபைக்கு வந்தார்கள். வாடை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சலுகைக் கட்டணத்தில் பார்க்கிற இடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஏன் போகவில்லை? "போன தடவ அந்தக் கவுண்டர்ல எல்லாரும் கேக்குற மாதிரி, உனக்கு சம்பாதிக்கிற பையன் இல்லையா, வீடு சொந்தமா, கையில என்னா வச்சிருக்கன்னு கேட்டாங்க ஐயா. பின்னால எங்க தெருப் பொம்பளைங்க நின்னாங்க. இருபது ரூபா என்கிட்ட இருந்துச்சு. பதில்தான் இல்ல." அதற்குப் பிறகு அவர்கள் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இதைக் கேட்ட நாளிலிருந்து தம்பியின் கேள்வியே எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. காசு வாங்கலாமா என்பதைக் காட்டிலும், ஒரு மனுஷியின் இல்லாமையை எந்த இடத்தில், யார் காதில் விழும்படி விசாரிக்கிறோம் என்பதுதான் பெரிய காரியம். கவுண்டரில் இருந்த பெண் கெட்டவளல்ல. ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். ஆனால் சமாரியனைப் பாருங்கள். மறுநாள் புறப்படும்போது நேரே சத்திரத்தான் கையில் கொடுக்கிறான். அடிபட்டவனிடம் நீ யார், உனக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதாக எழுதப்படவே இல்லை.

எங்கள் சபையில் வைத்திய உதவியை ஞாயிறு ஆராதனையில் மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பது வழக்கம், போட்டோவும் எடுப்போம். இப்போது அதை நிறுத்தியிருக்கிறோம். கன்வென்ஷன் மைக்செட் செலவில் கொஞ்சம் குறைத்து, அந்தப் பணத்தை மாதாமாதம் கிளினிக்கின் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். கட்ட முடியாதவர் யாரென்று நர்ஸ் அம்மா உள் அறையில் கட்டுப் போடும்போதே தெரிந்துகொண்டு அதிலிருந்து எழுதிக்கொள்வார்கள். கமிட்டிக்குத் தொகை மட்டும் வரும், பேர் வராது. எங்கள் விசுவாசியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

பொருளாளர் சகோதரருக்கு இதில் சமாதானமில்லை. "பேரு இல்லாத கணக்க எப்படி பாஸ்டர் ஆடிட் பண்றது? வசதி உள்ளவனும் வந்து வாங்கிட்டுப் போவான்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது ஜனங்களுடைய காணிக்கை, விதவையின் காசும் அதில் உண்டு. வருஷத்தில் இரண்டு பேர் ஏமாற்றினாலும் ஏமாற்றட்டும், அந்த அம்மாவைப் போல இன்னொருவர் புண்ணை மூடிக்கொண்டு வீட்டில் உட்காருவதற்கு அது மலிவு என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம், பிறகு கணக்கை வைத்துப் பேசுவோம் என்று தீர்மானம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இப்போது இரண்டாவது மாதம் நடக்கிறது.