துடைத்த துணி

அப்பாவின் 1978 அம்பாசடரை விற்பது என்று முடிவானதும், அடியில் ஒழுகும் ஆயிலை நானே சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஒழுகலைத் தேடுவதில் முதல் வேலை துடைப்பதுதான். ஆறிய என்ஜினை மண்ணெண்ணெய் தொட்ட பனியன் துணியால் துடைத்து, காயவிட்டு, முகப்பவுடரைத் தூவி, கால்மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கணும். பவுடர் முதலில் எங்கே நனைந்து கறுக்கிறதோ, அதுதான் ஊற்று. மேலிருந்து கீழே தேட வேண்டும். ஏனென்றால் ஆயில் வழிந்து இறங்கி, சம்பந்தமே இல்லாத இடத்தில் சொட்டும்.

எனக்கு ரெண்டு ஊற்று கிடைத்தது. ஒன்று, வால்வு கவருக்கு அடியில் இருக்கும் கார்க் கேஸ்கெட். "இன்னும் கொஞ்சம் டைட் வச்சா நின்னுடும்" என்று போன வருஷம் நானே முறுக்கி நசுக்கி வைத்தது. புதுசு போட்டு அளவாக முறுக்கியதும் நின்றுவிட்டது.

இன்னொன்று கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனை. இந்த என்ஜினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய மரைதான் சுழலும்போது ஆயிலை உள்ளே தள்ளும். இத்தனை வருஷத் தேய்மானத்தில் இடைவெளி கூடிவிட்டால், வண்டி நின்ற பிறகு சொட்டும். அதைச் சரிசெய்ய என்ஜினையே இறக்கணும். வீட்டு வாசலில் ஆகிற காரியமில்லை.

மெக்கானிக் அண்ணன் வழி சொன்னார். "நல்லா தொடச்சுட்டு, முந்தின ராத்திரி மண்ணுல நிறுத்துங்க தம்பி. சொட்டுனா உறிஞ்சிடும். யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

கி.மு. 44இல் சிசரோ எழுதிய 'கடமைகள் பற்றி' நூலில் இதே கேள்வி வருகிறது. வீட்டை விற்பவன் அதன் குறையைச் சொல்லணுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனஸின் கட்சி: சொல்லாததெல்லாம் மறைப்பது ஆகாது, வாங்குபவன் பார்த்துத்தானே வாங்குகிறான். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரின் கட்சி: வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம்.

எனக்கு டயோஜெனஸ் பக்கம் சாயத்தான் ஆசை. ஆனால் துணி என் கையில் இருந்தது. நேற்று அதால் துடைத்தது எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இன்று துடைத்தால் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. கையசைவில் வித்தியாசமே இல்லை.

சரி, துடைக்காமல் சும்மா இருந்துவிட்டால்? பார்த்து வாங்கட்டும் என்பது பார்க்க முடிகிற குறைக்குத்தான் பொருந்தும். நான் ரெண்டு நாள் பவுடர் போட்டுக் கண்டுபிடித்ததை, வருகிறவர் அஞ்சு நிமிஷத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்? வாயை மூடிக்கொண்டு விலை பேசினால், அவருக்குத் தெரியாததைத்தான் நான் காசாக்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் வந்தான். ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்த அட்டையை இழுத்துக் காட்டினேன். அஞ்சாறு சொட்டு.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணா" என்றான். சொல்லிவிட்டுப் பத்தாயிரம் குறைத்துக் கேட்டான். சரி என்றேன்.

உண்மையைச் சொன்னதற்காகவே முழு விலையும் கிடைக்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அந்த ஏமாற்றம் ரெண்டு நாள் இருந்தது. அந்தப் பத்தாயிரம் என்னுடையதாக இருந்ததே இல்லை என்பது மூணாவது நாள்தான் உறைத்தது.