ஏகத்துவமும் வாத்சல்யமும்

பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் ஏகத்துவம் ஒன்று. உயிர் தனியே பிறக்கிறது, தனியே வினைப்பயனை நுகர்கிறது, தனியே வீடுபேறு எய்துகிறது என இடையறாது சிந்திக்குமாறு அது பணிக்கிறது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் வாத்சல்யம் ஒன்று. உடன் அறம் பூண்டோரிடம், கன்றிடம் பசு கொள்ளும் அன்பினைக் கொள்ளுமாறு அது பணிக்கிறது. இவ்விரண்டும் முரண்படுவன அல்லவா?

இந்த ஐயம் ஏட்டளவில் நிற்பதன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து கல்வியும் தொழிலும் கருதி வந்த நம்மவர், இன்று குன்றத்தூர், பல்லாவரம், தாம்பரம் எனப் புறநகரெங்கும் பரவி வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர், வடபுலத்தாரையும் சேர்த்து, ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவரே. ஊரில் ஒருவர் இரண்டு நாள் ஜினாலயத்துக்கு வரவில்லையெனில், மூன்றாம் நாள் ஒருவர் வாசலில் நின்று நலம் வினவுவார். இங்கோ, மகனும் மருமகளும் இருட்டிய பின்னரே பணியிலிருந்து திரும்புவதால், இரவுண்ணாமை காக்கும் முதியவர் காலையில் சமைத்ததைக் கதிரவன் மறையுமுன் தனியே உண்டு முடிக்கிறார். அடுத்த தெருவிலேயே அந்நோன்பு காக்கும் மற்றொரு முதியவர் இருப்பதை அவர் அறியார். இதனையும் ஏகத்துவம் என்று கூறி அமைதி கொள்ளலாமா?

கூடாது. ஒருவர் வினையை மற்றொருவர் சுமக்க இயலாது என்பதே ஏகத்துவம். ஒருவர் பசியையும் பிணியையும் மற்றொருவர் தணிக்க வேண்டா என்று அது யாண்டும் கூறவில்லை. அது தன் துன்பத்தைத் தாங்குதற்கு அமைந்த சிந்தனை. பிறர் துன்பத்தைப் பாராமலிருக்கக் கூறும் சமாதானம் அன்று. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் இயல்பென உமாசுவாமிகளும் தத்துவார்த்த சூத்திரத்தில் உரைத்துள்ளார். அறத்தினின்று தளர்ந்தவரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும் நற்காட்சியின் அங்கமே. ஒருவரை அறியாதார், அவர் தளர்வதை எங்ஙனம் அறிவர்?

வாத்சல்யம் பற்றாகிவிடாதா எனச் சிலர் வினவலாம். பற்று கைம்மாறு நாடும், வாத்சல்யம் நாடாது. அத்தினாபுரத்தில் அகம்பனாசாரியரும் எழுநூறு முனிவரும் துன்புறுத்தப்பட்டபோது, விஷ்ணுகுமார முனிவர் தம் தவத்தை இடைநிறுத்தி அவர்களைக் காத்தார். பின்னர்ப் பிராயச்சித்தம் ஏற்று மீண்டும் தவத்தில் அமர்ந்தார். தனிமையை விட்டு வந்ததும் மீண்டும் தனிமைக்குச் சென்றதும் ஒருவரே.

இவ்வன்பு அண்டை அயலாரை விலக்குவதாகவும் ஆகலாகாது. குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணத்தின் சில வரலாறுகளில் நம் முன்னோர் எதிர்த்தரப்பினராகவே வருகின்றனர். அப்பழைய வழக்கினை இன்று எதிர்வீட்டாரோடு நடத்துதல் நமக்கு அறமன்று. எல்லா உயிரிடத்தும் மைத்திரி கொள்க என்பதில் எதிர்வீடும் அடங்கும்.

எனவே அன்பர்காள், பெருஞ்சங்கம் கூடும் நாள்வரை காத்திருத்தல் வேண்டா. வரும் சதுர்த்தசியன்று உங்கள் பகுதியிலுள்ள நம்மவர் இல்லம் ஒன்றன் கதவைத் தட்டுங்கள். நோன்பில்லாத நாளொன்றில், பொழுது சாயுமுன் ஒரு முதியவரோடு அமர்ந்து உண்ணுங்கள். வினை அவரவருடையதே, உணவைப் பகிர்ந்துகொள்ளத் தடையில்லை.

அறம் வளர்க!