முந்தியது காரணமாகுமா?

காகம் அமர்ந்த வேளையிற் பனம்பழம் வீழ்ந்ததெனின், வீழ்த்தியது காகமே எனல் பொருந்துமா? காகதாலீய நியாயம் எனத் தருக்க நூலார் வழங்கும் இச்சிக்கலுக்கு ஞாயிற்றிலே அரியதோர் எடுத்துக்காட்டு உண்டு.

ஞாயிற்றின் ஒளிமுடி 10 இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடையது. அதனிடையே ஏறத்தாழ 10,000 பாகை மட்டுமேயான பிளாஸ்மாவைக் காந்தப்புலம் நீண்ட இழைகளாகத் தாங்கி நிற்கின்றது. நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் அமைதியாயிருக்கும் இவ்விழை ஒருநாள் திடீரென வெடித்தெழுகின்றது. அதனடியிற் சுவாலை பளிச்சிடுகின்றது. எது எதற்குக் காரணம்?

இழை மெல்ல உயரத் தொடங்குவது பல வேளைகளிற் சுவாலைக்கு முந்தியே காணப்படுகின்றது. அதனால் இழையே காரணம் என்றுவிடலாமோ? அது எழும்போது கீழுள்ள காந்தக் கோடுகள் இழுபட்டு, நெருங்கி, அறுந்து மீளப் பிணைகின்றன. அப்போது வெளிப்படும் சக்தியே சுவாலையாகின்றது. அதே பிணைப்பு இழையின் தளைகளையும் அறுத்து அதனை மேலும் விரைவாக உந்துகின்றது. இங்கு விளைவே தன் காரணத்தை வளர்க்கின்றது! சமநிலைக் குலைவு முந்தியதா, மீள்பிணைப்பு முந்தியதா என ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர்.

2012 ஆகத்து 31 இல் எழுந்த பேரிழை செக்கனுக்கு 1,400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் திணிவை வெளியேற்றியது. உடன்தோன்றிய சுவாலையோ ‘சீ’ வகுப்பினதே. கடுமையான ‘எக்ஸ்’ வகுப்புக்கு இருபடி கீழானது. மறுபுறம், எதனையும் வெளியேற்றாது அடங்கிவிடும் வன்சுவாலைகளும் உள. ஆகவே ஒன்றன் வலிமை மற்றதன் வலிமையை அளப்பதில்லை.

இவ்விடத்திற் கண்ணைப் பறிப்பதைக் காரணமாக்கும் மனவியல்பையும் நோக்குதல் தகும். 1859 செத்தெம்பர் 1 இல் றிச்சட் கரிங்டன் சுவாலையொன்றைக் கண்டார். ஏறத்தாழ 17 மணிநேரத்தின் பின் புவியிற் பெருங்காந்தப்புயல் வீசியது. அவர் அவசர முடிபுக்கு வரத் தயங்கினார். பின்வந்தோரிற் பலர் தயங்கவில்லை. பெரும்புயல்களை விளைப்பது சுவாலையன்று, வெளியேறும் திணிவே என 1993 இல் ஜாக் கோஸ்லிங் வன்மையாக வாதிட வேண்டியிருந்தது.

நிகழ்ச்சிகளின் இடையறாத் தொடர்ச்சியையே காரணகாரியத் தொடர்பாகக் கண்ட ஹியூமின் கொள்கை இங்கு போதாதெனவே எனக்குப் படுகின்றது. (வரலாறு பயிலும் நாமும் 1914 இன் சரயேவோத் துப்பாக்கிச் சூட்டை இவ்வாறே அளவுக்கு மீறிப் பேசுகின்றோம்.) இழையெழுச்சி, சுவாலை ஆகிய இரண்டுக்கும் சக்தி வழங்கியது, அமைதியெனத் தோன்றிய நாட்களிற் காந்தப்புலம் முறுகி முறுகிச் சேர்த்துவைத்த இறுக்கமே. அது நாள் குறிக்கத்தக்க நிகழ்ச்சியன்று, ஒரு நிலை. நிலையைக் காரணமென ஏற்பின், ‘எது முந்தியது’ என்ற வினா தீப்பொறி எப்பக்கத்தில் வீழ்ந்தது என்பதை மட்டுமே கேட்கின்றது.