ஒட்டுப் போட்ட சோபா

தோல் சோபா பெரும்பாலும் மூன்று இடங்களில் கெடும்: தலை சாயும் இடம், கை வைக்கும் இடம், உட்காரும் மெத்தையின் முன்விளிம்பு. தலை சாயும் இடத்தைக் கெடுப்பது எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய தலை ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் சாய்ந்தால், தோலின் மேல்பூச்சு முதலில் இளகிப் பிசுபிசுக்கும், பிறகு விரிசல் விடும். பழைய வீடுகளில் சோபாவின் தலைமாட்டில் ஒரு துண்டு விரித்திருந்தது இதனால்தான். கைப்பிடியை வியர்வை தின்கிறது. முன்விளிம்பு கெடும் விதம் வேறு. உட்காரும்போதும் எழும்போதும் உடம்பின் எடை முழுவதும் அந்த விளிம்பில் விழுந்து தோலை இழுத்து மடக்குகிறது. மடிந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் பின்னாளில் கிழிசலாகிறது.

பழுதுபார்க்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கிழிந்தது என்ன பொருள் என்பது. லெதர் சோபா என்ற பெயரில் விற்பவை ஒரே பொருள் அல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடுவது போன்ற உண்மைத் தோலில், கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டாலும், குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டாலும் அந்தப் பின்னல் அழிவதில்லை. அதனால் உண்மைத் தோல் மெதுவாகத்தான் கிழியும். கிழிந்த விளிம்பிலும் பசைக்குப் பிடிமானம் இருக்கும். இரண்டாவது, தோல் தொழிற்சாலைக் கழிவைத் துகளாக்கி, பிசினோடு கலந்து, துணியின் மேல் தகடாக ஒட்டியது. பெயரில்தான் தோல் இருக்கும். சில ஆண்டுகளில் மேல்படலம் செதில் செதிலாக உதிரும். மூன்றாவது, நாம் ரெக்சின் என்று பொதுவாகச் சொல்லும் செயற்கைத் தோல். இதில் பாலியூரித்தேன் பூசிய வகை காற்றின் ஈரத்தாலேயே நாளடைவில் சிதையக்கூடியது. உதிரும் படலத்தின் மேல் எதை ஒட்டினாலும், படலம் உதிரும்போது ஒட்டும் சேர்ந்தே வரும். இந்த இரண்டு வகைக்கும் ஒட்டுப்பட்டை வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. சோபாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்து மடிப்பைப் பார்த்தால் எந்த வகை என்பது தெரிந்துவிடும். வெட்டிய விளிம்பில் நாராகத் தெரிந்தால் தோல். துணியின் நெசவு தெரிந்தால் மற்றவை.

இப்போது கடைகளில் கிடைக்கும் ஒட்டுப்பட்டை, பின்புறம் பசை பூசி, அதன்மேல் வழுவழுப்பான தாள் ஒட்டிய செயற்கைத் தோல் துண்டு. நிறம் பார்த்து வாங்கலாம். தாளை உரித்து அழுத்தினால் போதும். தண்ணீரும் வேண்டாம், சூடும் வேண்டாம். இந்த வகைப் பசை காய்ந்து இறுகுவதில்லை. தேன்போல மிக மெதுவாக நகர்ந்து, தோலின் நுண்ணிய குழிகளுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. ஒட்டியவுடன் கிடைப்பது பாதிப் பிடிதான். முழுப் பிடிக்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். ஒட்டிய அன்றைக்கே உட்கார்ந்துவிடுவதால் கெட்ட ஒட்டுகள் நிறைய.

அதைவிட அதிகம் கெடுப்பது அழுக்கு. சோபாவுக்குப் பளபளப்பு ஏற்றத் தடவும் பாலிஷ் எண்ணெய்கள் தோலில் ஊறியிருக்கும். அவற்றைத் துடைத்தெடுக்காமல் ஒட்டினால் பசை தோலைத் தொடவே தொடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து மெல்லத் துடைக்க வேண்டும். சில தோல்களில் நிறமும் கூடவே வரும் என்பதால் கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் துடைத்துப் பார்ப்பது நல்லது. தொங்கும் நூல்களை நறுக்கிவிட்டு, கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு செ.மீ. கூடுதலாக இருக்கும்படி பட்டையை வெட்ட வேண்டும். வெட்டும்போது மூலைகளை வட்டமாக்க வேண்டும். சதுர மூலையில் இழுவிசை முழுவதும் ஒரே புள்ளியில் குவியும். புடவைக் கரையோ பேன்ட் பையின் விளிம்போ அந்தப் புள்ளியில் மாட்டினால் உரியத் தொடங்கும். வட்ட மூலையில் இழுவிசை வளைவு முழுவதும் பரவிவிடும். மூலையை வட்டமாக்க ஒரு நிமிடம் போதும்; ஒட்டின் ஆயுளில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

பெங்களூரு விவேக் நகரில் ஒரு வாடகை வீட்டில் நடந்த ஒன்று இந்த வட்ட மூலையைப் பற்றியதுதான். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போய்விட்ட ஓனர், தன் பழுப்பு நிறத் தோல் சோபாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாடகைக்குக் கொடுத்திருந்தார். ஒரு தமிழ்க் குடும்பம் குடிவந்தபோதே முன்விளிம்பில் ஒரு கோடு இருந்தது. அது கிழிசலானது குழந்தை ஏறிக் குதித்ததாலா, தானாகவா என்று யாருக்கும் தெரியாது. வீட்டைக் காலி செய்வதற்கு முன் அந்த வீட்டுப் பெண் ஒட்டுப்பட்டை வாங்கி வந்தார். துடைத்தார், வெட்டினார், மூலைகளை வட்டமாக்கினார், ஒட்டினார், மூன்று நாள் யாரையும் உட்கார விடவில்லை. சாவி வாங்க ஓனர் வந்தது ஒரு வியாழக்கிழமை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் ஆட்டோ மாட்டிக்கொண்டதாகச் சொல்லியபடி வந்தவர், நேராக அந்த முனையில்தான் உட்கார்ந்தார். கரண்ட் பில்லைப் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை பட்டையின் மேல் இருந்தது. கட்டைவிரல் அந்த வட்ட மூலையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, "வீட்டை நல்லா வெச்சிருந்தீங்கம்மா" என்றார். அந்தப் பெண் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஒட்டு இருப்பது ஓனருக்குத் தெரிந்ததா? விரல் தற்செயலாகப் போயிருக்கலாம். படிக்கும்போது எதையாவது தடவுவது பலருக்கும் பழக்கம். வளைவைத் தொட்டு உணர்ந்து, உணர்ந்ததைச் சொல்ல வேண்டாம் என்று விட்டிருக்கவும் கூடும். வேலை மோசமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது: சதுர மூலை உரிந்து நின்றிருக்கும், பேச்சு வந்திருக்கும், தொகை பிடித்திருப்பார்கள், கணக்கு முடிந்திருக்கும். மூலை நன்றாக வட்டமாக இருந்ததால்தான் ஒன்றும் முடியவில்லை.

ஒட்டைப் பற்றிய முதல் பாடம் நம்மில் பலருக்கு சைக்கிள் கடையில் கிடைத்தது. கடைக்காரர் டியூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார். குமிழ் வரும் இடத்தை விரலால் மூடி, துடைத்து, உப்புத்தாளால் தேய்ப்பார். வழவழப்பான ரப்பர் சொரசொரப்பானபின் சொல்யூஷன் தடவுவார். பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் உடனே ஒட்டச் சொல்லி அவசரப்படுவான். அவர் ஒட்டமாட்டார், ஊதி ஊதி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருப்பார். அதன் பிறகுதான் ரப்பர் துண்டை வைத்துத் தட்டுவார். அந்தத் துண்டும் வட்டமாகவே வெட்டப்பட்டிருக்கும். எல்லாம் முடிந்ததும் டியூப் டயருக்குள் போய்விடும். ஒட்டு இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய சைக்கிளை விற்கப் போனால், வாங்குபவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று: டியூபில் எத்தனை ஒட்டு? விற்பவரும் சொல்லிவிடுவார். ஒட்டு இருப்பதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. சைக்கிளில் கூச்சமில்லாமல் சொல்லப்பட்டது சோபாவில் சொல்லப்படாமல் போவது ஏன்? சோபா வரவேற்பறையில் இருக்கிறது, வருபவர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்பது ஒரு காரணம். சோபாவில் போடும் ஒட்டுக்கு எப்போதும் இரண்டு வேலை: கிழிசல் பரவாமல் தடுப்பது, கிழிசல் தெரியாமல் தடுப்பது. டியூபின் ஒட்டுக்கு முதல் வேலை மட்டும்தான்.

பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் ஒரு கந்தல் வருகிறது. முடத்தாமக்கண்ணியார் பாடியது, பாட்டுடைத் தலைவன் கரிகாலன். பொருநன் உடுத்தியிருந்த துணியில் ஈரும் பேனும் குடியிருந்தன, வியர்வையில் ஊறியிருந்தது, சொந்த இழையோடு வேறு இழைகளும் நுழைந்து தையல் போட்ட சிதைந்த துணி அது. கரிகாலன் அதை நீக்கி, இழை போன வழியைக் கண்ணால் காணமுடியாத, பாம்பு உரித்த சட்டை போன்ற மெல்லிய துணியைக் கொடுக்கிறான். வறுமை போய் வளம் வந்ததைச் சொல்லும் இடமாகவே இதைப் படிப்பது வழக்கம். ஆனாலும் கண்ணில் நிற்பது புதுத் துணியைவிட அந்தக் கந்தல்தான், அதிலும் அந்த வேற்று இழை. எவரோ உட்கார்ந்து, கையில் கிடைத்த ஏதோ ஒரு நூலைக் கொண்டு அதைத் தைத்திருக்கிறார். ஒரே நிற நூலைத் தேடிப்போகும் வசதி அவருக்கு இருந்திராது. அந்தத் தையல் எதையும் மறைக்க முயலவில்லை. நிறம் பார்த்து ஒட்டுப்பட்டை வாங்கும் வசதி வந்த பிறகுதான் மறைப்பது என்னும் கேள்வியும் வந்தது.

மறைப்பதையும் சொல்லாமல் இருப்பதையும் சட்டம் ஓரளவு பிரித்துப் பார்க்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், தெரிந்த ஓர் உண்மையைச் செயலால் மறைத்து ஒருவரை ஒப்பந்தத்துக்கு இணங்கவைப்பதை மோசடி என்கிறது. வெறும் மௌனம், பேசியே ஆகவேண்டிய கடமை இருந்தாலொழிய, மோசடி ஆகாது என்றும் விளக்குகிறது. வாடகைப் பொருளைத் திருப்பித் தருவது புதிய ஒப்பந்தம் இல்லை; ஆனாலும் அளவுகோல் உதவுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில், குடியிருந்தவர் இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தரவேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக என்கிறது. வாடகைப் பத்திரங்கள் வீட்டுச் சாமான்களுக்கும் இதே வாசகத்தை எழுதிக்கொள்கின்றன. முன்விளிம்பில் விழுந்த கோடு தேய்மானம் என்றால் ஓனர் கணக்கு. குழந்தை குதித்துக் கிழிந்தது என்றால் குடியிருந்தவர் கணக்கு. விவேக் நகர் சோபாவில் இரண்டும் ஒரே கிழிசலில் கலந்திருந்தன. பட்டை ஒட்டியது பழுதுபார்த்தல் என்றால் கடமையைச் செய்தாயிற்று. மறைத்தல் என்றால் கடமையிலிருந்து நழுவியாயிற்று. ஒரே செயல், ஒரே வட்ட மூலை.

பெங்களூருவில் இந்தக் கணக்கு சின்ன விஷயமும் இல்லை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் இந்த ஊரில் நெடுங்காலம் இருந்தது. 2021இல் மத்திய அரசு முன்வைத்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றது; மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். பெரிய தொகை ஓனரின் கையில் இருக்கும்போது, காலி செய்பவர் ஒவ்வொரு கீறலையும் பயத்தோடுதான் பார்ப்பார். பயத்தில் போட்ட ஒட்டை மோசடி என்று சொல்ல மனம் வருவதில்லை.

கைத்தொழிலாளர்களின் முறை இந்தக் கேள்வியை வேறு பக்கமாகத் திருப்புகிறது. ஜே.சி. ரோட்டில் வண்டி சீட்டுக்குக் குஷன் வேலை செய்பவர்களும், வீட்டுக்கே வந்து சோபா சரிசெய்பவர்களும் கிழிசலின் மேல் ஒட்டுவதைவிட அடியில் ஒட்டுவதையே விரும்புவார்கள். கிழிந்த வாய் வழியாக ஒரு துணித் துண்டை உள்ளே நுழைத்து, பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் விரித்து, வளையும் தன்மையுள்ள பசை தடவி, கிழிந்த இரு விளிம்புகளையும் அதன்மேல் சேர்த்து அழுத்துவார்கள். தாங்கும் வேலையை உள்ளே இருக்கும் துணி செய்கிறது. மேலே தெரியும் கோட்டை நிரப்பியும் நிறம் தீட்டியும் முடிக்கலாம், அப்படியே விடவும் செய்யலாம். இது பல ஆண்டு நிற்கும். மேலே ஒட்டிய பட்டையோ, முன்விளிம்பு போல ஓயாமல் மடங்கும் இடத்தில், எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் நாளாவட்டத்தில் விளிம்பு தூக்கும்.

அதனால், மேலே பட்டை ஒட்டிய சோபாவை அடுத்துத் தொடப்போகிறவருக்கு ஒட்டு இருப்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஓனர் எண்ணெய்ப் பாலிஷ் தடவினால் பசை இளகும். தெரியாமல் நிறம் தீட்டினால் பட்டை ஒரு நிறமும் தோல் ஒரு நிறமும் ஆகும். பட்டையை அவசரமாக இழுத்தால் பலவீனமான மேல்பூச்சும் கூடவே வந்து, இரண்டு அங்குலக் கிழிசல் உள்ளங்கை அளவு புண்ணாகும். தோலில் எச்சமாக நிற்கும் பசையை முழுதும் எடுக்காமல் அடியொட்டுப் போடவும் முடியாது. ஒட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பசை, எப்போது ஒட்டியது என்று சொல்வது பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி. சொல்லாமல் விட்ட ஒட்டு பாதி வேலைதான். குறையை ஒப்புக்கொள்வது என்ற கூச்சத்தை விட்டு, வேலை விவரம் என்று எடுத்துக்கொண்டால் சொல்வது எளிது.

அந்தப் பெண் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டுமா என்பதற்கு இது முழுப் பதில் ஆகாது. சொல்லியிருந்தால் ஓனர் பாராட்டியிருக்கலாம், பணம் பிடித்திருக்கலாம். ஓனர் தெரிந்தே விட்டிருந்தால் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போயிருக்கலாம். தெரியாமல் இருந்திருந்தால் "நல்லா வெச்சிருந்தீங்க" என்ற சொல்லுக்கு அந்தப் பெண் எவ்வளவு உரியவர் என்பது இன்னும் தீராத கணக்கு. இந்த இடத்தில் உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வாடகை வீட்டுச் சாமானுக்கு ஒட்டுப் போடுகிறவர்கள், ஒட்டிய தேதியையும் பசையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகலாம்.